எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜிகர்தண்டா கடை. 1977-இலிருந்து இருக்கிறது. பெயரே 'பேமஸ் ஜிகர்தண்டா'. என்ன துணிச்சல் பாருங்கள்! நாளைக்கே எதிரில் ஒருவர் கடை போட்டு, "எங்கள் ஜிகர்தண்டாவும் பேமஸ்தான்" என்று எழுதி வைத்தால், அந்த விளம்பரமும் இவர்கள் கணக்கில்தான் சேரும். போர்டு வைப்பது எப்படி என்று யாராவது வகுப்பு எடுத்தால் முதல் பாடம் இதுதான்.

போர்டு வாசிப்பது எனக்கு ஒரு வியாதி. பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால் மலையும் மயிலும் கண்ணில் படாது, போர்டுதான் படும். அதிலும் மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசி, செங்கோட்டை போகிற சாலை இருக்கிறதே, அந்த ரூட்டில் வியாதி முற்றிவிடும். 'ஜெராக்ஸ், ஜூஸ், ஜாதகம்' மூன்றையும் ஒரே தகரத்தில் பார்த்தபோது கண்டக்டரையே கூப்பிட்டுக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை விடுங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊருக்குக் கிடைத்தது. ஊருக்குள்ளே எந்தக் கடை ஒரிஜினல் என்கிற வழக்கு மட்டும் போர்டுகளில் இன்னமும் நடக்கிறது. ஒன்று 'ஒரிஜினல்' என்றால் அடுத்தது 'அசல்'. அதற்கடுத்தது 'பழைய'. அதைத் தாண்டினால் 'ஆதி'. எல்லாப் போர்டிலும் 11 நிலைக் கோபுரம், ஆண்டாள், தோளில் கிளி. அடியில் சிவப்பு எழுத்தில் சத்தியப் பிரமாணம்: 'எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது.'

இந்தச் சண்டையெல்லாம் எங்கே தயாராகிறது என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வருமா? பக்கத்து ஊரில் ஒரு ஃபிளெக்ஸ் கடைக்குள் நுழைந்துவிட்டேன். இங்க் வாடை மூக்கைத் துளைத்தது. ஏசி காற்று மிஷினுக்கு மட்டும்; மனிதர்களுக்கு மின்விசிறி. டிசைனர் தம்பி கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரைத் திறந்தார். அதன் பெயர் 'உடம்பு'.

உள்ளே தலையில்லாத மனிதர்கள் வரிசையாக நிற்கிறார்கள்! கோட்டு சூட்டில் ஒருவர், பட்டுச் சட்டையில் ஒருவர், கைகட்டி ஒருவர், கும்பிட்டபடி ஒருவர். "தலைய மட்டும் கஸ்டமர் கொண்டு வருவாங்க சார். பாக்கி நம்ம ஸ்டாக்குலயே இருக்கு" என்றார் சர்வசாதாரணமாக. போர்டுகளில் ஸ்தாபகர்கள் எல்லோரும் ஒரே உயரத்தில், ஒரே பட்டுச் சட்டையில் சிரிக்கிற ரகசியம் இதுதான்.

அன்றைக்கும் ஒரு பால்கோவாக் கடை அண்ணாச்சி தலை கொண்டு வந்திருந்தார். பழைய கல்யாண குரூப் போட்டோ. மூன்றாவது வரிசையில் அவருடைய அப்பா, யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் பாதி மறைந்து. ஆயுசு முழுக்கத் துண்டோடு கடையில் உட்கார்ந்த மனிதருக்கு ஐந்தே நிமிடத்தில் பட்டுச் சட்டை ஏறியது. நெற்றியில் விபூதி வந்தது. மறைந்திருந்த காதை இன்னொரு காதை வைத்துச் செய்து ஒட்டினார் தம்பி.

"தம்பி, அப்பாவுக்கு மீசைய கொஞ்சம் முறுக்கி விடலாமா?"

"விடலாம் அண்ணாச்சி. அப்புறம் உங்க அம்மாவுக்கே அடையாளம் தெரியாது."

"அம்மாவுக்கு எதுக்குய்யா போர்டு? நீ முறுக்கு."

முறுக்கப்பட்டது. அடுத்து மாடு. தம்பி வைத்த மாடு கறுப்பும் வெள்ளையுமான சீமை மாடு, பின்னால் பனிமலை. கரிசல் காட்டு வெயிலுக்கு வந்த விருந்தாளி. நம்ம ஊர் மாட்டையே போட்டால் என்ன என்று கேட்டேன். "நம்ம மாடு கேமராவப் பாக்காது சார்."

ஃபிளெக்ஸுக்கு ஒரு சாபம் உண்டு. வெயில் பட்டுப் பட்டு மஞ்சளும் சிவப்பும் முதலில் போகும், நீலம் மட்டும் கடைசிவரை நிற்கும். சாலையோரத்தில் பழைய போர்டுகளைக் கவனியுங்கள்: பிரியாணி நீலம், பரோட்டா நீலம், ஸ்தாபகர் சாட்சாத் கண்ணபிரான் நிறம்.

தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவே பிரானூர். இங்கேதான் 'பார்டர் பரோட்டா'. ஆனால் இன்றைய கேரள எல்லை இதற்கும் அப்பால், புளியரையைத் தாண்டி இருக்கிறது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சிப் பக்கம். அன்றைக்கு அது சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு மேற்கே நகர்ந்தது. 'பார்டர்' என்ற பெயர் மட்டும் கல்லில் கொத்துப் பரோட்டா போட்டுக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. இப்போது சென்னையிலும் 'பார்டர் பரோட்டா' போர்டு பார்க்கலாம். எந்த பார்டர் என்று அங்கே யாரும் கேட்பதில்லை, பசி அப்படி.

அங்கிருந்து திருநெல்வேலி. இங்கே கையால் போர்டு எழுதுகிற பெரியவர் ஒருவரைப் பிடித்தேன். ஷட்டர், லாரி, கோயில் சுவர் என்று கிடைத்ததில் எல்லாம் எழுதுகிறவர். சாக்பீஸ் தூள் தடவிய நூலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து நடுவில் ஒரு சுண்டு. பலகையில் பளிச்சென்று கோடு! என்னையும் ஒருமுறை சுண்டவிட்டார். என் சட்டையெல்லாம் தூள், பரம சந்தோஷம்.

போர்டு வாசிக்க அவரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். கடைசி எழுத்துகள் ஒல்லியாக நெருக்கியடித்து நின்றால் எழுதினவன் புதுசு. இவர் நடு எழுத்தில் தொடங்கி இரண்டு பக்கமும் நகர்கிறார், அதனால் 'ஸ்ரீவில்லிபுத்தூர்' கூட மூச்சு முட்டாமல் உட்காருகிறது. தமிழுக்கு ஐந்து பங்கு, ஆங்கிலத்துக்கு மூன்று, வேறு மொழிக்கு இரண்டு என்ற அரசாங்கக் கணக்கு அவர் கையிலேயே ஊறிக் கிடக்கிறது. ஸ்கேல் எடுப்பதே இல்லை. எழுத்துக்கு ஷேடு எப்போதும் வலது கீழ்ப்பக்கம்தான். "சூரியன் எனக்கு எப்பவும் இடது மேல நிப்பாரு" என்கிறார். மூலையில் விரல்நகம் அளவுக்குத் தன் பெயரையும் செல் நம்பரையும் எழுதிய பிறகுதான் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் போடுகிறார்.

அதே ஊரில், நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, 1900-இலிருந்து இருட்டுக்கடை. போர்டே கிடையாது. ஒரு பல்பு வெளிச்சத்தில் சாயங்காலம் மட்டும் அல்வா விற்று, தீர்ந்ததும் கதவைச் சாத்திவிடுகிறார்கள். பெயரும் ஜனங்கள் வைத்ததுதான். வழியெல்லாம் 'ஒரிஜினல்', 'அசல்', 'ஆதி' என்று வாசித்துவிட்டு இங்கே வந்து நின்றால் கையில் அல்வா மட்டும் இருக்கிறது, வாசிக்க ஒன்றுமே இல்லை!

பெரியவரிடம் திரும்பிப் போய்க் கேட்டேன்: "இருட்டுக்கடைக்கு ஒரு போர்டு எழுதச் சொன்னா எவ்வளவு கேப்பீங்க?"

பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே மனசுக்குள் கணக்குப் போட்டார். "கூலி வேணாம் சார். அரை லிட்டர் கறுப்பு பெயிண்ட் மட்டும் வாங்கிக் குடுக்கச் சொல்லுங்க. பலகை பூரா அடிச்சுத் தந்துடறேன்."