கோத்துக் குடும்மா!

பௌர்ணமி ராத்திரி திருவக்கரை வக்ரகாளியம்மன் கோயில் வாசலில் நெரிசலுக்கு நடுவே காதில் விழுவது: "தேங்காயை ஒடைச்சுக் குடுங்க சாமி", "எலுமிச்சம்பழ மாலை ஒண்ணு கோத்துக் குடும்மா." பூக்காரம்மா தனக்கே ஒரு முழம் எடுத்தால் "வச்சுக்கினேன்" என்பார். வேலை கோப்பதும் உடைப்பதும்தான். பலன் அடுத்தவருக்கு என்றால் 'கொடு' ஒட்டிக்கொள்கிறது. செய்தவருக்கே என்றால் 'கொள்'. தொல்காப்பியர் 'தா'வைத் தன்மை, முன்னிலைக்கும் 'கொடு'வைப் படர்க்கைக்கும் ஒதுக்கினார். மலையாளம் இன்றும் அந்த வரம்பைக் காக்கிறது. நம் கடைவீதிக்கு எல்லாமே 'குடு'தான்.

கனடாவின் மேற்குக் கரையிலும் அமெரிக்காவின் வடமேற்கிலும் வழங்கிவந்த சாலிஷ் மொழிகள் இருபதுக்கும் மேல். பேசுவோர் அருகிவிட்டார்கள். அவற்றுள் ஒன்றான ஹல்கொமேலத்தில் நம் 'கொடு' போன்ற துணைவினைக்கு வேலையில்லை. 'சுடு' என்ற வினையோடு, ஏறத்தாழ 'அல்ட்ஸ்' என ஒலிக்கும் விகுதி சேர்ந்தால் 'இன்னாருக்காகச் சுடு' என்றாகிவிடும்.

விசேஷம் அதற்குப் பிறகுதான். நாம் 'எனக்கு ரொட்டியைச் சுட்டுக் கொடுத்தாள்' என்னும்போது ரொட்டிக்கு 'ஐ', எனக்கு 'கு'. கொடு வந்தும் வேற்றுமைகள் இடம் மாறவில்லை. ஹல்கொமேலத்திலோ அந்த விகுதி வந்ததும் ரொட்டி ஓரத்துக்குத் தள்ளப்பட்டு முன்னிடைச்சொல்லோடு நிற்கிறது. தின்னப்போகிறவர் செயப்படுபொருள் ஆகிறார். தமிழில் அப்படியே 'என்னைச் சுட்டாள்' என்று எழுதினால் போலீஸ் கேஸாகிவிடும்! இது வெறும் தோற்றமில்லை. செயப்பாட்டு வினையாக்கினால் எழுவாயாக வருவது ரொட்டியல்ல, அந்த ஆள். நம்மிடம் 'மாலை எனக்குக் கோத்துக் கொடுக்கப்பட்டது' என்று மாலைதான் முன்னே வரும்.

மொழியியலார் இந்த விகுதி அமைப்பை 'அப்ளிகேட்டிவ்' என்கிறார்கள். மெக்சிகோவின் நாவாட்டில் மொழிக்கு 1645-இல் இலக்கணம் எழுதிய பாதிரியார் ஹொராசியோ கரோச்சி அப்போதே இந்தப் பெயரைக் கையாண்டிருக்கிறார். சுவாஹிலியிலும் இது உண்டு: 'பிகா' என்றால் சமை. 'பிகியா' என்றால் ஒருவருக்காகச் சமை.

2010-இல் கவோரு கியோசாவாவும் டோனா கெர்ட்ஸும் சாலிஷ் குடும்பத்தின் இத்தகைய விகுதிகளுக்கென்றே ஒரு நூல் எழுதினார்கள். இவற்றில் என்னை அசத்துவது இன்னொரு வகை. போவது, பயப்படுவது போன்ற செயப்படுபொருள் குன்றிய வினைகளிலும் விகுதி ஏறுகிறது: யாரை நோக்கிப் போனார்களோ, யாருக்குப் பயந்தார்களோ அவரே செயப்படுபொருள். நாம் 'ஐ' போட வேண்டுமென்றால் 'அவனைக் கண்டு பயந்தேன்' என்று இடையில் ஒரு 'கண்டு' போடுகிறோம், ஆளைப் பார்க்காமலே பயந்திருந்தாலும்.