பனிக்காலமும் கைப்பணியும்

உழவுத் தொழிலை மேற்கொண்ட மக்களின் வாழ்க்கையை வகுத்தமைப்பது பருவமே. மழையை நம்பி வாழும் வெப்ப நாடுகளில் மழையும் வரட்சியும் தொழிலுக்கும் ஓய்வுக்கும் எல்லை கோலுகின்றன. வட ஐரோப்பாவிலோ அவ்வெல்லையைக் கோலுவது உறைபனியாகும். சுவீடன், பின்லாந்து என்னும் நாடுகளிற் பனிக்காலம் குளிரின் பருவம் மட்டுமன்று, இருளின் பருவமுமாகும். பின்லாந்தின் தலைநகராகிய எல்சிங்கியில் திசம்பர் மாதத்தின் மிகக் குறுகிய பகல் ஆறு மணி நேரத்துக்குங் குறைவானது. வடதுருவ வட்டத்துக்கு அப்பாலுள்ள ஊர்களிற் சூரியன் அடிவானத்துக்கு மேல் எழாத நாட்களும் உள. நிலம் கல்லென இறுகிவிடுகின்றது, ஏரிகள் உறைகின்றன, உழுதலும் விதைத்தலும் அறுத்தலும் கோடையின் சில திங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. இந்நீண்ட இரவுகளிலே தேவை காரணமாகப் பிறந்த கைப்பணி, அத்தேவை குன்றிய பின்னர் ஒரு கல்வித் தத்துவமாக வளர்ந்து, பல நாட்டுப் பாடசாலைகளிலும் இடம்பெற்றது. அவ்வரலாறு ஆசிரியரும் மாணாக்கரும் ஒருங்கே அறியத்தக்கது.

பனிக்காலத்தில் உழவர் முற்றாகத் தொழிலற்றிருந்தனர் எனக் கருதுதல் தவறாகும். மரம் வெட்டுதல், வெட்டிய மரங்களைப் பனியின்மீது சறுக்கு வண்டிகளில் இழுத்து வருதல், கதிரடித்தல், கால்நடைகளைப் பேணுதல் முதலியன அக்காலத்துக்குரிய வேலைகளே. ஆயினும் அவை பகல் வெளிச்சம் உள்ளவரையுமே நடைபெறக்கூடியவை. பிற்பகலிலேயே இருள் சூழ்ந்துவிடுதலின், வீட்டினுள்ளே செய்தற்குரிய வேலைகளுக்கு நெடுநேரம் எஞ்சியது. அடுப்பின் நெருப்பும், பிசின் நிறைந்த பைன் மரத்தினின்று பிளந்தெடுத்த மெல்லிய சிராய்களைக் கொளுத்திப் பெற்ற வெளிச்சமுமே அவ்வீடுகளின் விளக்கு. அவ்வொளியிலே ஆடவர் கோடரிப் பிடி, புல் வாருங் கருவி, வாளி, கரண்டி, சறுக்கு வண்டியின் உறுப்புக்கள் ஆகியவற்றைச் செதுக்கினர். பெண்டிர் கம்பளி மயிரைச் சிக்கெடுத்து நூற்றனர். காலுறையுங் கையுறையும் பின்னினர். சிறுவர் நூலைச் சுற்றியும், எரியும் சிராய்களை மாற்றியும், பெரியோரின் கைகளைப் பார்த்தும் தொழில் பழகினர். அங்கே கற்பித்தல் எனத் தனியே ஒன்று நிகழவில்லை. ஆனாற் கற்றல் இடைவிடாது நிகழ்ந்தது.

இக்கைப்பணி பனிக்காலத்திற் செய்யப்பட்டதாயினும் அதற்கான ஆயத்தம் ஆண்டு முழுவதும் நடைபெற்றது. பேர்ச் மரத்தின் பட்டை கோடையின் தொடக்கத்தில், மரத்தினுள்ளே சாறு மிகுந்து ஓடுங் காலத்திலேதான் எளிதில் உரிந்துவரும். அப்பொழுது உரித்துச் சேமித்த பட்டையினாற் பனிக்காலத்திற் கூடைகளும் பைகளும் காலணிகளும் முடைந்தனர். ஆளிச் செடியின் நாரை இலையுதிர் காலத்தில் அடித்துச் சீவிப் பதப்படுத்தினர். இருண்ட மாதங்களில் நூற்றனர். பகல் நீளத் தொடங்கியதும் தறியில் ஏற்றினர். நெய்த லினன் துணியைப் பனிக்காலத்தின் கடைசியிற் பனிமீது விரித்து வெயிலிற் காயவிட்டு வெண்மையாக்கினர். உழவனுக்கு இடையூறாயிருந்த பனியே நெசவாளிக்கு உதவியாயிற்று.

ஒரு மரக்கரண்டியைச் செய்வதிலும் எத்துணை அறிவு அடங்கியுள்ளது என்பது நோக்கற்பாலது. நேரான பலகையினின்று கரண்டியின் வளைவைச் செதுக்கினால், மரத்தின் நார்கள் வளைவிடத்தில் அறுபடும்; கரண்டி விரைவில் ஒடியும். ஆதலின் இயற்கையாகவே வளைந்து வளர்ந்த கிளையைத் தேடி எடுத்தனர். நார்கள் வளைவோடு ஒருங்கு செல்லுதலின் அக்கரண்டி மெல்லியதாயினும் உறுதியுடையதாயிற்று. மேலும், ஈரம் உலராத பச்சை மரம் கத்திக்கு இணங்கும். உலர்ந்த மரம் எதிர்க்கும். எனவே பச்சை மரத்தில் உருவத்தைச் செதுக்கி, வெடிக்காவண்ணம் மெல்ல உலரவிட்டு, இறுதியில் நுண்ணிதாக முடித்தனர். இவ்வறிவை எந்நூலும் அவர்களுக்குக் கற்பித்ததில்லை. மரமும் கத்தியுமே கற்பித்தன.

வீட்டுத் தேவைக்காகச் செய்யப்பட்ட பொருள்கள் சில பகுதிகளில் விற்பனைப் பொருள்களாகவும் மாறின. சுவீடனின் நடுப்பகுதியிலுள்ள தாலர்ணா மாகாணம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அங்கே நிலம் தலைமுறைதோறும் பங்கிடப்பட்டுச் சிறு துண்டுகளானமையால், விளைவு மட்டும் குடும்பத்தைக் காப்பாற்றவில்லை. ஆதலின் ஊருக்கொரு தொழில் வளர்ந்தது. மோரா என்னும் ஊரை அடுத்த கிராமங்களில் 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் நெடிய மணிக்கூடுகள் செய்யப்பட்டன. ஒரு வீட்டார் ஓர் உறுப்பையும் வேறொரு வீட்டார் வேறோர் உறுப்பையும் செய்து பொருத்துவது அங்கு வழக்கம். வோம்ஊஸ் என்னும் ஊர்ப் பெண்கள் மனிதரின் கூந்தல் மயிரால் அணிகலன் பின்னி, அவற்றை விற்கப் பிறநாடுகளுக்குஞ் சென்றனர். இன்று சுவீடனின் அடையாளமாகவே கருதப்படும் செந்நிற மரக்குதிரையும் இம்மாகாணத்திலே, மரம் வெட்டுவோரும் உழவரும் மாலை நேரங்களிற் செதுக்கிய விளையாட்டுப் பொருளாகத் தோன்றியதே. 1939 ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் நடைபெற்ற உலகக் கண்காட்சியிற் பேருருவான குதிரையொன்று வைக்கப்பட்ட பின்னர் அதன் புகழ் எங்கும் பரவிற்று.

இப்பொருள்களிற் பயன் மாத்திரமன்றி அன்பும் மானமும் கலந்திருந்தன. மணம் பேசிய இளைஞன் தன் மணமகளுக்குத் துணியின் மடிப்பை நீக்கும் பலகையைச் சித்திர வேலைப்பாட்டுடன் செதுக்கிக் கொடுப்பது இந்நாடுகளிற் பல பகுதிகளில் வழக்கமாயிருந்தது. அப்பலகையைக் காண்போர் அவனுடைய பொறுமையையும் கைத்திறத்தையும் ஒருங்கே அளந்தறிந்தனர்.

19 ஆம் நூற்றாண்டில் இந்நிலை மாறத் தொடங்கிற்று. ஆலைகள் மலிவான துணியையும் கருவிகளையும் குவித்தன. புகையிரதம் அவற்றைக் கிராமங்களுக்குக் கொணர்ந்தது. மண்ணெண்ணெய் விளக்கு வந்து, மாலை நேரத்துக்கு முன்னொருபோதும் இல்லாத நல்லொளியைத் தந்த அக்காலத்திலேயே, அவ்வொளியிற் செய்தற்குரிய வேலை அருகலாயிற்று என்பது வியத்தற்குரியது. வெறுமையாய்ப் போன மாலைகளைக் குறித்துச் சுவீடனின் சிந்தனையாளர் கவலையுற்றனர். வீட்டிலே சாராயம் வடிக்கும் வழக்கம் அந்நூற்றாண்டின் நடுப்பகுதியிற் சட்டத்தினால் ஒழிக்கப்படும்வரை நாட்டுப்புறமெங்கும் பரவியிருந்தமையால், சோம்பலும் குடியும் ஒன்றையொன்று வளர்க்குமென அவர்கள் அஞ்சியது இயல்பே. கைப்பணியை மீட்டல் வேண்டுமென்பதிற் பலரும் உடன்பட்டனர். ஆனால், எதற்காக மீட்பது என்ற வினாவிற்கு இருவேறு விடைகள் எழுந்தன. உழவனுக்கு மேலதிக வருவாய் கிடைத்தற்பொருட்டு என்பது ஒரு விடை. மனிதனை முழுமையாக உருவாக்குதற்பொருட்டு என்பது மற்றையது.

இரண்டாவது விடையை முதன்முதலில் ஒரு நாட்டின் கல்வி முறையாக்கியவர் பின்லாந்தைச் சேர்ந்த ஊனோ சிக்னேயஸ் (1810–1888) ஆவர். பின்லாந்து அக்காலத்தில் உருசியப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. மதகுருவாகிய சிக்னேயஸ் சில காலம் அலாஸ்காவிலும் பின்னர் சென் பீற்றர்ஸ்பேர்க்கிலும் பணியாற்றியபின், அரசின் ஆணைப்படி ஐரோப்பியப் பாடசாலைகளைப் பார்வையிட்டார். பெஸ்தலோசி, புரோபெல் என்னும் அறிஞரின் கருத்துக்கள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. 1863 ஆம் ஆண்டில் யுவாஸ்கூலா நகரில் தொடங்கிய ஆசிரிய கலாசாலைக்கு அவர் தலைவரானார். 1866 ஆம் ஆண்டின் பொதுப் பாடசாலைச் சட்டம் நாட்டுப்புறப் பாடசாலைகளில் ஆண் மாணாக்கருக்குக் கைப்பணியைக் கட்டாய பாடமாக்கியது. அச்சட்டத்தை அடுத்துப் பின்லாந்திற் கொடிய பஞ்சம் நேர்ந்து, பெருந்தொகையான மக்கள் மாண்டனர். அத்தகைய வறிய நாட்டிலும் சிக்னேயஸ் கைப்பணியைப் பிழைப்புக்கான பயிற்சியாகக் கொள்ளவில்லை. கண்ணுக்கும் கைக்கும் இசைவு, உருவத்தை உணருந் திறன், உழைப்பில் மதிப்பு ஆகியவற்றை வளர்க்கும் பொதுக் கல்வியின் பகுதியாகவே அதனைக் கொண்டார்.

சுவீடனில் இக்கருத்தை விரித்து முறைப்படுத்தியவர் ஒட்டோ சலமன் (1849–1907). அவருடைய மாமனாகிய ஓகஸ்ட் ஆபிரகாம்சன் என்னும் வணிகர் 1868 ஆம் ஆண்டிற் கோத்தன்பேர்க் நகருக்கு அண்மையிலுள்ள நேஸ் என்னும் பண்ணையை வாங்கினார். 1872 ஆம் ஆண்டில் அங்கே சிறுவருக்கான கைப்பணிப் பாடசாலையொன்று தொடங்கப்பெற்றது. தொடக்கத்தில் அதன் நோக்கம் நாட்டுப்புறச் சிறுவருக்குத் தொழிற்றிறன் அளிப்பதே. 1877 ஆம் ஆண்டிற் சலமன் பின்லாந்து சென்று சிக்னேயஸைக் கண்டு உரையாடினார். அதன்பின் அவருடைய நோக்கம் மாறியது; வருவாய் பின்னே சென்றது; கல்வி முன்னே வந்தது. நேஸ் ஆசிரியருக்கான பயிற்சி நிலையமாயிற்று. சில வாரங்கள் கொண்ட பயிற்சி வகுப்புக்களுக்குப் பல நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான ஆசிரியர் வந்து கற்றுச் சென்றனர். 'கைத்திறன் வாய்ந்த' எனப் பொருள்படும் பழஞ்சொல்லினின்று பிறந்த 'ஸ்லொய்ட்' என்னும் சுவீடன் மொழிச் சொல் அவர்கள் வாயிலாகப் பிறமொழிகளிலும் புகுந்தது.

சலமனின் போதனாமுறை சில தெளிவான விதிகளைக் கொண்டது. எளியதிலிருந்து அரியதற்கும், தெரிந்ததிலிருந்து தெரியாததற்கும் மாணாக்கன் படிப்படியாகச் செல்லுதல் வேண்டும். அவன் செய்யும் பொருள் வீட்டுக்குப் பயன்படுவதாதல் வேண்டும். வெறும் அலங்காரப் பொருளாதல் ஆகாது. தொடக்கம் முதல் முடிவுவரை முழுப்பொருளையும் அவனே செய்தல் வேண்டும். முடிந்த பொருள் அவனுக்கே உரியது. ஆசிரியர் காட்டலாம், சொல்லலாம்; மாணாக்கனின் வேலையில் தம் கையை வைத்தல் ஆகாது. கைப்பணியைக் கற்பிப்பவர் தச்சராயிருத்தல் போதாது. கற்பிக்கும் கலையறிந்த ஆசிரியராயிருத்தல் வேண்டும். முதற்கருவி கத்தியே, ஏனெனில் அது நாட்டுப்புறச் சிறுவன் ஏற்கெனவே அறிந்த கருவி. சிறு கோலொன்றைச் சீவுவதிற் றொடங்கி, கரண்டி, பெட்டி எனப் படிப்படியாக உயரும் மாதிரிப் பொருள்களின் வரிசையொன்றையும் அவர் வகுத்தார்.

இவ்விதிகளை ஆராயின், அவற்றுட் பல பழைய அடுப்பங்கரையிலிருந்து பெறப்பட்டவை என்பது புலனாகும். பயனுள்ள பொருள், முழுமையான வேலை, கத்தியிலிருந்து தொடக்கம் என்பன உழவர் வீட்டின் நடைமுறைகளே. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. வீட்டிலே கரண்டி உடைந்தபோது கரண்டி செய்தனர். பாடசாலையிலோ வரிசையில் அதன் இலக்கம் வந்தபோது செய்தனர். மாதிரிகளை அவ்வாறே பின்பற்றுதல் மாணாக்கரின் கற்பனையைக் கட்டுப்படுத்தும் எனப் பிற்காலத்தார் கூறிய குறை புறக்கணிக்கத்தக்கதன்று. ஒவ்வொருவனும் தன் வேகத்திற்கேற்ப முன்னேறலாம் என்னும் விதி அக்குறையை ஓரளவே தணித்தது.

பெண் மாணாக்கருக்கு நெசவுக் கைப்பணி என்னும் தனிப்பிரிவை ஸ்தோக்கோமிற் கல்விப் பணியாற்றிய ஹுல்டா லுண்டின் (1847–1921) என்னும் அம்மையார் முறைப்படுத்தினார். தையலும் பின்னலும் அவர் முயற்சியால் ஒழுங்கான பாடங்களாயின. ஆயின் மரம் ஆடவர்க்கு, நூல் பெண்டிர்க்கு என்ற பழைய பிரிவும் அவற்றோடு பாடசாலையினுட் புகுந்து நிலைத்தது. 1969 ஆம் ஆண்டின் சுவீடன் பாடவிதானமே இருபாலாரும் இருவகைக் கைப்பணியையும் கற்றல் வேண்டுமென விதித்தது. இன்றும் அந்நாட்டுப் பாடசாலைகளில் ஸ்லொய்ட் எல்லா மாணாக்கருக்கும் உரிய பாடமாகவுள்ளது. மறுபுறத்தில், வருவாய் என்னும் முதல் விடையும் மறைந்துவிடவில்லை. லில்லி சிக்கர்மன் என்னும் அம்மையார் 1899 ஆம் ஆண்டில் நிறுவிய சுவீடன் வீட்டுக் கைப்பணிச் சங்கம், அழிந்துகொண்டிருந்த பழைய நெசவு வகைகளைத் தேடிப் பேணியதோடு, செய்வோருக்கு விற்பனை வழியையும் அமைத்தது.

இதே வினா பின்னர் இந்தியாவிலும் எழுந்தது. காந்தியடிகள் 1937 ஆம் ஆண்டில் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வி, நூற்றல் போன்ற கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் வைத்தது. மாணாக்கர் செய்த பொருள்களின் வருவாய் பாடசாலையின் செலவைத் தாங்க வேண்டுமென அவர் விரும்பினார். சலமனோ பொருள் சிறுவனுக்கே உரியது என்றார். வறிய நாட்டிற் பாடசாலை நடத்தும் பொறுப்பை உணர்ந்தவருக்குக் காந்தியடிகளின் எண்ணம் எளிதில் விளங்கும். ஆயினும் விற்பனையை நோக்கிய வேலை பிள்ளைகளை உழைப்பாளிகளாக்கிவிடும் என அக்காலத்திலேயே எழுந்த ஐயமும் பொருளுடையதே. கையும் அறிவும் ஒன்றையொன்று வளர்ப்பன என்னும் அடிப்படையில் இருவரும் வேறுபடவில்லை.

பல பாடசாலைகளிற் கைப்பணி நூற்படிப்பில் முன்னேறாத மாணாக்கருக்கென ஒதுக்கப்பட்ட பாடமாகவோ, பரீட்சை நெருங்கும்போது முதலிற் கைவிடப்படும் பாடமாகவோ கருதப்படுகின்றது. வடநாட்டு வரலாறு இக்கருத்துக்கு மாறான சான்றாகும். சிக்னேயஸும் சலமனும் அதனை எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாக வைத்தனர். கல்வியிற் றேர்ந்த ஆசிரியரிடமே அதனை ஒப்படைத்தனர். பிழையாகச் சீவிய கோலை எவ்விளக்கத்தாலும் நேராக்க முடியாது. செய்தவனே அப்பிழையைக் கண்டு, மீண்டும் ஒரு கோலை எடுத்தல் வேண்டும். அவ்வாறு திருத்துதற்குப் பொறுமையும் போதிய நேரமும் தேவை. முற்காலத்து உழவர் வீட்டில் அந்நேரத்தைப் பனிக்காலத்தின் நீண்ட மாலைகள் தாமாகவே அளித்தன. பனியும் இருளும் அளிக்காத நாடுகளில், பாடசாலையின் நேரசூசியே அதனை அளித்தல் வேண்டும்.