ஆறுதல் சொல்லவும் பயிற்சி வேண்டுமா?



சொந்த ஊரை விட்டு மும்பைக்கோ, பெங்களூருக்கோ, தில்லிக்கோ வந்து பிழைக்கிற ஒரு தமிழ்க் குடும்பத்தில் நெருக்கடி உண்டாகும்போது அவர்கள் முதலில் யாரைத் தேடிப் போகிறார்கள் என்று சற்றே எண்ணிப் பாருங்கள். மனநல மருத்துவரை அல்ல. போதகரின் மனைவியையோ, பெண்கள் கூட்டத்தை நடத்தும் மூத்த சகோதரியையோ, பக்கத்துத் தெருவிலுள்ள ஊர்க்காரரையோதான் தேடிப் போகிறார்கள். அங்கே தாய்மொழி இருக்கிறது, பழக்கம் இருக்கிறது, கட்டணம் இல்லை. இப்படி வருகிறவர்களின் கண்ணீரை நள்ளிரவிலும் கதவைத் திறந்து கேட்கிற சகோதர சகோதரிகள் நம்மிடையே அநேகர் உண்டு. அவர்களில் எத்தனை பேர் இந்தப் பணிக்கென்று பயிற்றுவிக்கப்பட்டவர்கள்?

"அன்பு இருந்தால் போதாதா? இதற்கும் ஒரு படிப்பா?" என்று நீங்கள் கேட்கலாம். பிரசவம் பார்க்க வந்த தாதியிடம் நாம் அவ்விதம் கேட்பதில்லை. அன்புள்ள கையானாலும் பழகிய கையா என்றுதான் பார்க்கிறோம்.

பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16 ஆம் ஆண்டுகளில் 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வயது வந்தோரில் நூற்றுக்கு 10 பேருக்கு மேல் அவ்வேளையில் ஏதாவதொரு மனநலக் குறைவோடு வாழ்ந்துகொண்டிருந்தனர் என்றும், கிராமங்களைவிடப் பெருநகரங்களில் இது மிகுதி என்றும் அந்த ஆய்வு கண்டது. மதுவினால் நோயுற்றவர்களில் நூற்றுக்கு 86 பேர் எவ்விதச் சிகிச்சையும் பெறவில்லை. நம் தேசத்தில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை என்பதையும் இதோடு சேர்த்து எண்ணுங்கள். எல்லாரும் மருத்துவரிடமே போகட்டும் என்று சொல்லிவிட்டு நாம் கைகழுவ முடியாது. மருத்துவருக்கும் குடும்பத்துக்கும் நடுவில் நிற்க ஆட்கள் வேண்டும்.

கோவாவில் நடந்தது

அப்படி நடுவில் நிற்கிறவர் பட்டதாரி நிபுணராகத்தான் இருக்கவேண்டுமா? இதற்குக் கோவாவில் தெளிவான விடை கிடைத்திருக்கிறது. டாக்டர் விக்ரம் பட்டேலும் அவரோடு உழைத்தவர்களும் 1996 இல் தொடங்கிய சங்காத் என்னும் தொண்டு நிறுவனம், மனநலத் துறையில் எந்த முன்படிப்பும் இல்லாத உள்ளூர் மக்களைத் தெரிந்தெடுத்து ஆலோசகர்களாகப் பழக்கியது. பிந்தைய ஆய்வுகளில் அவர்களுக்கு வேண்டியிருந்த கல்வித் தகுதி பள்ளிப் படிப்பை முடித்திருப்பதே.

அவர்களைப் பழக்கிய விதத்தைக் கவனியுங்கள். மூன்று வாரம் வகுப்பறைப் பயிற்சி. அதன்பின் ஏறத்தாழ ஆறு மாதம், மேற்பார்வையின் கீழ் உண்மையான நோயாளிகளோடு பழகுதல். அதற்குப் பிறகும் அவர்கள் தனியே விடப்படவில்லை. உரையாடல்கள் ஒலிப்பதிவு செய்யப்பட்டன. குழுவாகக் கூடி அவற்றைக் கேட்டு, "இங்கே நீங்கள் அவரைப் பேச விடவில்லை", "இங்கே அவசரமாகப் புத்தி சொல்லிவிட்டீர்கள்" என்று ஒருவருக்கொருவர் மதிப்பெண் இட்டுத் திருத்திக்கொண்டார்கள். நம் ஊழியங்களில் பொதுவாக இல்லாதது இந்தக் கடைசிப் பகுதியே. நம்மில் ஒருவர் இருபது வருடம் ஆலோசனை சொல்லி வந்திருக்கலாம். அவர் சொன்னது சரிதானா என்று ஒருவரும் ஒருநாளும் கேட்டிருக்கமாட்டார்கள்.

அதன் பலன் 2016 டிசம்பரில் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. கடும் மனச்சோர்வினால் வருந்திய 495 பேர் அந்த ஆய்வில் பங்குபெற்றனர். இந்த ஆலோசகர்களின் உதவியைப் பெற்றவர்களில் மூன்று மாதத்தில் நூற்றுக்கு 64 பேர் தேறினர். மருத்துவரின் வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களில் தேறியவர்கள் 39 பேர். பெண்கள் கணவரிடம் அடிபடுவதும் குறைந்திருந்தது. மதுவுக்கு ஆட்பட்ட ஆண்களுக்கென நடந்த மற்றோர் ஆய்வில் வித்தியாசம் இவ்வளவு பெரிதல்ல: நூற்றுக்கு 36 பேரும் 26 பேரும். குடியை விடுவது எத்தனை கடினம் என்பது குடிக்கிறவர் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆகையால் அந்தப் பத்துப் பேரையும் நான் அற்பமாக எண்ணமாட்டேன்.

அவர்கள் செய்த சிகிச்சையில் மாயம் ஏதுமில்லை. மனம் சோர்ந்தவர் தாம் விரும்பிச் செய்துவந்தவற்றை ஒவ்வொன்றாகக் கைவிடுகிறார். கைவிடக் கைவிடச் சோர்வு மிகுகிறது. கோலம் போடுவதை விட்டவர், பிறகு தலைசீவுவதை விடுகிறார், பிறகு எழுந்திருப்பதையே விடுகிறார். இந்தச் சுழலை ஒரு சிறு செயலால் உடைத்து, அடுத்த வாரம் இன்னொன்றைச் சேர்த்து, ஆறு முதல் எட்டுச் சந்திப்புகளில் அவரைப் பழைய நிலைக்கு நடத்துவதே அந்த முறை. "சோம்பேறித்தனத்தை விடு" என்று அதட்டுவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

பயிற்சி எதைக் கற்றுத்தருகிறது?

ஒரு சகோதரி உங்களிடம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "மனச்சோர்வு" என்ற சொல்லை அவர் உச்சரிக்கமாட்டார். நெஞ்சு அடைக்கிறது, உடம்பெல்லாம் வலி, நான்கு மாதமாய்த் தூக்கமில்லை என்பார். போகிற போக்கில், "செத்துப்போனால் தேவலை" என்றும் சொல்வார். பயிற்சி இல்லாதவர் பதறிப்போய், "அப்படியெல்லாம் பேசலாமா? பிள்ளைகள் முகத்தைப் பாரம்மா" என்கிறார். அன்பினால் சொன்னதுதான். ஆனால் அந்தச் சொல்லோடு கதவு அடைபட்டுவிட்டது; இனி அந்த எண்ணத்தை அவர் எவரிடமும் வெளியிடப்போவதில்லை.

பயிற்சி பெற்றவர் அந்த இடத்தில் நிதானித்துக் கேட்பார்: "அந்த எண்ணம் எப்போதெல்லாம் வருகிறது? ஏதாவது செய்துகொள்ள யோசித்ததுண்டா?" இப்படிக் கேட்பதனால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற அச்சம் நம்மிடையே உண்டு. அந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை. நேரடியாகக் கேட்கப்படும்போது துன்புறுகிறவருக்கு ஆறுதலே உண்டாகிறது. ஆபத்து அருகில் இருக்கிறது என்று தெரிந்தால் அவரைத் தனியே விடாமலிருப்பதும், அன்றே மருத்துவமனைக்கு உடன் செல்வதும் பயிற்சியின் பகுதிகள்.

கணவன் அடிக்கிற வீட்டில் நாம் வழக்கமாகச் செய்வது என்ன? இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, "என்ன குறையோ சொல்லம்மா" என்கிறோம். அவள் சொல்லிவிட்டால் அன்றிரவு என்ன நடக்கும்? பயிற்சி பெற்ற குடும்ப நலப் பணியாளர் முதலில் அவளைத் தனியே சந்திப்பார். அவள் பாதுகாப்பாக இருக்கிறாளா என்பதை உறுதிசெய்த பிறகே மற்ற பேச்செல்லாம். டாட்டா சமூக அறிவியல் நிறுவனமும் மும்பைக் காவல்துறையும் 1984 இல் இணைந்து தொடங்கிய பெண்கள், குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவில் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் காவல்துறை வளாகத்திலேயே அமர்ந்து இப்பணியைச் செய்துவருகிறார்கள். 2005 ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் ஏற்படுத்திய பாதுகாப்பு அலுவலர் யார், அவரை எப்படி அணுகுவது என்பது நம் பெண்கள் கூட்டத் தலைவிகள் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

இன்னொன்று மாத்திரைகள். மனநோய்க்கான மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் நோய் முன்னிலும் கடுமையாய்த் திரும்பக்கூடும். மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் மட்டுமே செய்யவேண்டியவை. ஜெபத்தைக் கைவிடும்படி எந்த மருத்துவரும் சொல்வதில்லை. மாத்திரையைக் கைவிடும்படி எந்த ஜெபவீரரும் சொல்லாதிருப்பாராக. 2001 ஆகஸ்டு 6 ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டதை நாம் மறந்துவிடலாகாது. ஒரு மார்க்கத்தாரைக் குறைகூற இதை எழுதவில்லை. நம்பிக்கையோடு கொண்டுவந்து விட்ட இடத்தில் பழக்கப்பட்ட பணியாளர் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அது சாட்சி. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை அறவே தடைசெய்கிறது.

இரகசியமும் மொழியும்

வெளியூரில் வாழும் தமிழருக்கென்று இரண்டு கஷ்டங்கள் உண்டு. பாடநூல்களில் இவை அவ்வளவாய்ப் பேசப்படுவதில்லை.

முதலாவது, இரகசியம். நம் சபைகளில் பலரும் ஒரே மாவட்டத்தார், சில இடங்களில் ஒரே கிராமத்தார். காலையில் இங்கே அழுதுகொண்டு சொன்னது மாலைக்குள் திருநெல்வேலிக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே பெண்ணின் கலியாணப் பேச்சு நின்றுபோகிறது. "ஜெபிக்கும்படி" என்று சொல்லிப் பெயரோடு கூட்டத்தில் அறிவிப்பதும் இரகசியத்தை உடைப்பதுதான். ஆலோசகருக்கான எந்தப் பயிற்சியிலும் இது முதல் பாடமாக இருக்கிறது. அதற்கு ஒரு வரம்பும் உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் உரியவர்களிடம் சொல்லியே ஆகவேண்டும். குழந்தை பாலியல் கொடுமைக்கு உள்ளாவது தெரியவந்தால் 2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது ஒவ்வொருவருக்கும் கடமை; "குடும்ப மானம்" என்று மூடிவைப்பது குற்றம்.

இரண்டாவது, மொழி. அரசு மருத்துவமனையில் மருத்துவர் இந்தியிலோ மராத்தியிலோ கேட்கிறார். தாய்க்கு அது புரியாது. பள்ளியில் அம்மொழியைக் கற்ற பத்து வயதுப் பிள்ளை இருவருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்கிறது. தன் தகப்பனின் குடியைப் பற்றியும், தன் தாய் சாக நினைத்ததைப் பற்றியும் அந்தப் பிள்ளை தன் வாயாலே சொல்லவேண்டுமா? அந்தத் தாய்தான் பிள்ளைக்கு முன்பாக உண்மையைச் சொல்லுவாளா? இரு மொழியும் அறிந்த, இரகசியம் காக்கக் கற்ற பெரியவர் ஒருவர் உடன் சென்றால் அந்த ஐந்து நிமிடச் சந்திப்பின் தன்மையே மாறிவிடும். நம் இளைஞர்களிடம் ஏற்கெனவே இருக்கிற வரம் இது. பயிற்சி மட்டுமே சேரவேண்டும்.

குடும்பத்தை ஒதுக்காமல்

மனநோயாளியின் வீட்டாரையும் சிகிச்சையில் சேர்ப்பதில் நம் தேசம் முன்னோடியாய் இருந்திருக்கிறது. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் 1950 களில் நோயாளிகளின் உறவினரை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கவைத்து, நோயைப் பற்றி அவர்களுக்குக் கற்பித்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்திலும் அக்காலந்தொட்டு உறவினர் ஒருவர் உடன் தங்கும் வழக்கம் வளர்ந்தது. நோயாளி வீடு திரும்பியபின் அவரைத் தாங்குகிறவர்கள் வீட்டாரே என்பதை இவர்கள் கண்டுகொண்டார்கள். அந்த வீட்டாரையும் யாராவது தாங்கவேண்டாமா?

பயிற்சி எங்கே?

மூன்று மணிநேரக் கருத்தரங்கு, பிரியாணி, சான்றிதழ், புகைப்படம் என்று முடிகிற "கவுன்சலிங் பயிற்சி"கள் இப்போது பெருகிவிட்டன. அவற்றை விழிப்பூட்டும் கூட்டங்கள் என்று சொன்னால் போதும். அதன் பலத்தில் ஒருவர் பெயர்ப்பலகை மாட்டுவது சரியல்ல.

இதையே தொழிலாகக் கொள்ள விரும்பும் மகனோ மகளோ உங்கள் வீட்டில் இருந்தால், வழிகள் தெளிவாகவே உள்ளன. சமூகப் பணியில் முதுகலை படித்து, மனநலச் சமூகப் பணியில் சிறப்புப் பயிற்சி பெறலாம். பெங்களூர் நிம்ஹான்ஸ், 1918 இல் நிறுவப்பட்ட ராஞ்சி மத்திய மனநல நிறுவனம், மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் ஆகியவை இத்துறையில் பெயர்பெற்றவை. நோயியல் உளவியலாளராகப் பணிசெய்ய இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் மத்தியப் பதிவேட்டில் பெயர் இருக்கவேண்டும். ஆலோசனைக்குச் செல்பவர்களும் அந்தப் பதிவு எண்ணைத் தயங்காமல் கேட்கலாம். 2021 ஆம் ஆண்டின் தேசியத் துணைமருத்துவத் தொழிலர் ஆணையச் சட்டமோ மற்ற உளவியலாளர், மனநலச் சமூகப் பணியாளர், எச்.ஐ.வி. மற்றும் குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசகர், மனநல உதவிப் பணியாளர் ஆகியோரை நடத்தைநலத் தொழிலர் என்று முதன்முறையாகப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. நேற்றுவரை "யார் வேண்டுமானாலும் செய்யலாம்" என்றிருந்த வேலைகள் இவை.

ஓர் எச்சரிக்கை. வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல் வழியில் உளவியல் படிக்கலாம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இச்சட்டத்தின்கீழ் வரும் படிப்புகளை, உளவியல் உட்பட, தொலைநிலையிலோ இணைய வழியிலோ 2025 ஜூலை-ஆகஸ்டு கல்வி அமர்விலிருந்து நடத்தலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது. பணம் கட்டுமுன் இதை விசாரியுங்கள்.

பட்டம் படிக்க இயலாதவர்களைப் பொறுத்தவரை, ஒரு சபையிலிருந்து நம்பத்தக்க இருவரை, கூடுமானால் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும், தெரிந்தெடுத்து, அந்நகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறையையோ, அனுபவமுள்ள தொண்டு நிறுவனத்தையோ அணுகி மாதக்கணக்கில் பழகவைப்பது, நூறு பேரை ஒருநாள் உட்காரவைப்பதைவிட மேல். மும்பையில் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் 1999 இல் தொடங்கிய ஸ்நேகா நிறுவனம் தாராவிப் பெண்களையே பயிற்றுவித்து, வன்முறைக்கு உள்ளாகும் அயல்வீட்டுப் பெண்களுக்குத் துணையாக்கியிருக்கிறது.

அதுவரை உடனடி உதவிக்கு, மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416 இருக்கிறது. இரவும் பகலும் கட்டணமின்றிப் பேசலாம். பேச விரும்பும் மொழியைத் தெரிந்துகொள்ளலாம். துன்புறுகிறவர் மாத்திரமல்ல, அவரைக் கவனிக்கிறவரும் அந்த எண்ணை அழைக்கலாம்.