வெள்ளத்து வீதியில் எந்த வாகனத்தை நம்புவது?

மாரி தொடங்கினால் மட்டக்களப்பில் வாவி எது, வயல் எது, வீதி எது என்று தெரியாமல் போய்விடும். நவம்பர் முதல் ஜனவரி வரை பெய்யும் மழையோடு உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் ஆகிய குளங்களின் வான்கதவுகளும் திறக்கப்படும்போது படுவான்கரைக் கிராமங்கள் பல துண்டிக்கப்படுகின்றன. கிரான் - புலிபாய்ந்தகல் வீதியை மக்கள் படகிலும் உழவு இயந்திரத்திலும் கடப்பது மாரியில் வழமையாகவே ஆகிவிட்டது. 2011 ஜனவரி வெள்ளத்தை இங்கு எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் தண்ணீர் வந்துவிட்டது என்பதற்காகப் பெண்களின் வேலைகள் நிற்பதில்லை. கிளினிக் போகவேண்டும், பிள்ளையைப் பாடசாலையிலிருந்து கூட்டிவரவேண்டும், கடன் தவணையைக் கட்டவேண்டும். யுத்தத்தில் கணவனை இழந்து குடும்பத்தைத் தலைமை தாங்கும் ஒரு பெண்ணுக்கு, "நீ இரு, நான் போய்வாறன்" என்று சொல்ல வீட்டில் வேறு ஆள் இல்லை. எனவே எந்த வாகனம் எவ்வளவு தண்ணீரைத் தாங்கும் என்ற அறிவு ஆண்களுக்கு மட்டும் உரியதல்ல.

பனி நாட்டில் ஒரு பாடம்

கனடாவில் வாழும் எமது உறவினர்களுக்கும் இவ்வாறான ஒரு காலம் உண்டு. அங்கே வெள்ளத்துக்குப் பதிலாகப் பனி. பின் சக்கரங்களை மட்டும் எஞ்சின் சுழற்றும் கார்கள் பனியில் இலகுவாக வழுக்கும். அதனால் பின்பக்கத்தில் மணல் மூட்டை ஏற்றி ஓடுவோரும் உண்டு. (எமக்கு மணல் மூட்டை என்றால் காவலரண்தான் ஞாபகம் வரும்.) முன் சக்கரங்களை எஞ்சின் சுழற்றும் கார்களில் எஞ்சினின் பாரம் அந்தச் சக்கரங்களின் மேலேயே இருப்பதால் பிடிப்பு சற்று அதிகம். நான்கு சக்கரங்களையும் சுழற்றும் பெரிய ஜீப் வகைகள் பனியிலிருந்து இலகுவாகக் கிளம்பிவிடும்.

ஆனால் கிளம்புவது வேறு, நிற்பது வேறு. பிரேக் பிடிக்கும்போது எல்லாக் கார்களும் நான்கு சக்கரங்களாலேயே நிற்கின்றன. ஆகவே ஜீப் என்பதற்காக அது முன்கூட்டி நிற்காது. நிறுத்த உதவுவது, குளிரில் இறுகிப்போகாத பனிக்கால டயரும் மெதுவான ஓட்டமும்தான். இதனாலேயே கியூபெக் மாகாணத்தில் 2008 முதல் பனிக்கால டயர் சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டது. பெரிய வாகனம் தரும் துணிச்சல் அதன் உண்மையான பலத்தைவிட அதிகம் என்பதே இதிலிருந்து நாம் அறியவேண்டியது.

எங்கள் வாகனங்கள்

இன்று எமது பெண்கள் பலர் ஓடுவது ஸ்கூட்டி. அதன் சக்கரங்கள் சிறியவை. எஞ்சினும் பெல்டும் தாழ்வாக இருக்கின்றன. தண்ணீர் உள்ளே போனால் பெல்ட் வழுக்கி வண்டி நின்றுவிடும். மோட்டார் சைக்கிள் சற்று உயரம், ஆயினும் இரண்டு சக்கரந்தான். பாயும் தண்ணீர் அரை அடி இருந்தாலே வளர்ந்த ஒருவரின் கால் தடுமாறும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆட்டோவுக்கு முன்னால் ஒற்றைச் சக்கரம், பின்னால் தாழ்வான எஞ்சின். பாரமும் குறைவு. பக்கவாட்டில் வரும் நீரோட்டம் அதனை இலகுவாகத் தள்ளிவிடும்.

கார், வான் போன்றவை மூடிய பெட்டிகள். ஒரு அடி ஓடும் நீரே சிறிய காரை மிதக்கச் செய்யப் போதுமானது. இரண்டு அடி நீர் ஜீப் வகைகளையும் இழுத்துச் செல்லும். வெளியே தண்ணீர் அழுத்துவதால் கதவும் திறபடாது. அவ்வேளையில் கதவோடு போராடாமல் கண்ணாடியை இறக்கி வெளியேற வேண்டும்.

உழவு இயந்திரத்தின் மீதான நம்பிக்கை

எமது மக்கள் மிகவும் நம்புவது உழவு இயந்திரத்தை. அதற்குக் காரணம் உண்டு. 2007இல் படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்த வேளையில் பிள்ளைகளையும் முதியோரையும் ஏற்றிவந்தது அதன் பெட்டிதான். பெரிய சக்கரமும் உயரமான எஞ்சினும் இருப்பதால் மற்ற வாகனங்கள் நிற்கும் இடத்திலும் அது ஓடுவது உண்மை. ஆனால் பெட்டியின் நிலை வேறு. அது ஒரு கொழுவியில் பின்னால் இழுபட்டு வருகிறது. ஆட்கள் எழுந்து நிற்கும்போது பாரம் மேலே ஏறுகிறது. கலங்கிய தண்ணீருக்குள் வீதியின் ஓரமோ மதகு உடைந்த இடமோ சாரதிக்குத் தெரியாது. ஒரு சக்கரம் இறங்கினால் போதும்.

2024 நவம்பர் 26ஆம் திகதி அம்பாறை மாவட்டத்தில், காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் மத்ரசா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அகப்பட்டது. மாணவர்கள் பலர் உயிரிழந்தார்கள். வீடு திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள். அந்தத் தாய்மாரின் துயரம் எமக்குப் புதிதல்ல.

ஏறுவதற்கு முன்

யுத்த காலத்தில் கிடைத்த வாகனத்தில் ஏறினோம். காத்திருந்தால் உயிர் தப்பாது. வெள்ளத்தில் நிலைமை மறுவளமானது. காத்திருப்பவர்தான் பெரும்பாலும் தப்புகிறார். கிளினிக் திகதியை மாற்றலாம், தவணையை நாளைக்குக் கட்டலாம். "எல்லாரும் ஏறுறாங்க, நீங்க ஏன் பயப்படுறீங்க?" என்று கேட்டால், "நான் ஏறல்ல, பிள்ளையும் ஏறாது" என்று சொல்லும் உரிமை பயணிக்கு உண்டு. அதைக் கோழைத்தனம் என்று எவரும் நினைக்கத் தேவையில்லை.

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால், அல்லது வீதியின் ஓரம் கண்ணுக்குத் தெரியாவிட்டால், எந்த வாகனத்திலும் கடக்கவேண்டாம். இரவில் ஒருபோதும் வேண்டாம். தேங்கி நிற்கும் குறைந்த நீரைக் கடந்தால், பின்னர் பிரேக்கை மெதுவாகப் பிடித்துப் பிடித்துக் காயவிடுங்கள். எஞ்சின் தண்ணீருக்குள் நின்றுவிட்டால் மீண்டும் ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளிக்கொண்டு வாருங்கள். உள்ளே நீர் இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணினால் எஞ்சின் உடைந்துபோகலாம். லீசிங் தவணையோ தொடர்ந்து வரும். தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் உங்கள் வண்டியின் வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. ஃபுல் இன்சூரன்ஸ் எடுத்தவர்களும் வெள்ளம் அதில் அடங்குகிறதா என்று இப்போதே கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

மாரிக்கு முன் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதனைப் பேசுங்கள். வான்கதவு திறக்கும் செய்தி எமது ஊருக்கு யார் மூலம் வரும், தாழ்ந்த வீதியின் இரு ஓரங்களிலும் கம்பு நட்டு அடையாளமிட முடியுமா, கர்ப்பிணித் தாய்மாரை முன்கூட்டியே எங்கே தங்க வைப்பது என்று கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். ஆபத்து வேளையில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்ற இலக்கத்திலும், அம்புலன்ஸை 1990 என்ற இலக்கத்திலும் அழைக்கலாம். இவ்விரு இலக்கங்களையும் பிள்ளைகளுக்கும் பாடமாக்கி வையுங்கள்.