நூறு பேரில் எத்தனை பேர், டாக்டர்?

திருவண்ணாமலை என்றதும் கார்த்திகை தீபமும் கிரிவலமும்தான் உங்கள் நினைவுக்கு வரும். நான் சொல்லப் போவது வேறொரு திருவண்ணாமலை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் ஒரு குன்று. குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரமே அந்தப் படிகளில்தான் இருக்கும்.

அப்படி ஒரு சனிக்கிழமை நானும் படியேறினேன். பாதி வழியில் மூச்சு வாங்கவே ஓரமாக உட்கார்ந்தேன். பக்கத்தில் இரண்டு பெண்கள். ஒருத்திக்கு நாற்பத்தைந்து வயதிருக்கலாம். முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொண்டிருந்தாள். இளையவள் தேற்றிக் கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் அவளே என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க படிச்சவுக மாதிரி இருக்கீக. கொஞ்சம் சொல்லுங்கக்கா. எங்க மதினிக்குக் கர்ப்பப்பையில புத்துநோயாம்."

"யார் சொன்னார்கள்?"

"ஒரு முகாமுல சோதிச்சுப் பார்த்தாக. 'சந்தேகமா இருக்கு, மதுரைக்குப் போயி இன்னொரு தடவ பாருங்க'ன்னுட்டாக."

"அப்படியானால் புற்றுநோய் என்று சொல்லவில்லையே?"

இப்போது மதினி நிமிர்ந்து பார்த்தாள். "சந்தேகம்னா வேற என்னம்மா அர்த்தம்? மூஞ்சிக்கு நேரா சொல்ல மனசு வராம மறைச்சுச் சொல்லுதாக."

முகாம் நடந்து மூன்று வாரமாகிவிட்டதாம். மதுரைக்கு இன்னும் போகவில்லை. "போயி என்ன செய்ய? பெருமாள்கிட்ட விட்டாச்சு" என்றாள்.

திருவண்ணாமலை என்ற ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் இருப்பது போலத்தான், சந்தேகம் என்ற ஒரே சொல்லுக்கும் இரண்டு அர்த்தங்கள். டாக்டர் சொன்னது ஒன்று. அந்த அம்மாளின் காதில் விழுந்தது மற்றொன்று. இரண்டுக்கும் நடுவே மூன்று வாரம் வீணாகப் போயிருந்தது.

திண்டுக்கல் கணக்கு

டாக்டர் சொன்ன சந்தேகத்தின் அளவு என்ன? இதற்கு விடை தேட வெளிநாடு போக வேண்டியதில்லை. நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

2000-ஆம் ஆண்டு முதல் 2003 வரை, அம்மாவட்டத்துக் கிராமங்களில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனை நடந்தது. பெரிய யந்திரம் ஏதுமில்லை. காடியில் இருக்கிற அமிலத்தை நீர்க்கச் செய்து கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பயிற்சி பெற்ற நர்ஸ் பார்ப்பாள். அவ்வளவுதான்.

சோதனைக்கு வந்தவர்கள் 31,343 பேர். அவர்களில் 3,088 பேருக்குத் திட்டு தெரிந்தது. அதாவது நூறு பேரில் பத்துப் பேருக்குச் "சந்தேகம்". மேற்கொண்டு சோதித்ததில் 1,874 பேருக்குப் புற்றுநோய்க்கு முந்திய மாறுதல்கள் இருந்தன. நன்றாகக் கவனியுங்கள்: அவை புற்றுநோய் அல்ல, புற்றுநோய்க்கு *முந்திய* மாறுதல்கள். இவற்றில் ஆரம்பப் படியில் இருப்பவை பல தாமாகவே மறைந்துவிடும். மறையாமல் முற்றுகிறவை புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் பல வருஷங்கள் பிடிக்கும். அதற்குள் கண்டுபிடித்து, அந்த இடத்தைக் குளிரால் உறையச் செய்து அழித்துவிடலாம்.

புற்றுநோயே கண்டவர்கள் எத்தனை பேர்? சோதனைக்கு அழைக்கப்பட்ட 49,311 பெண்களில், வராமல் இருந்தவர்களையும் சேர்த்து, பல ஆண்டுகள் கவனித்ததில் 167 பேர். ஏறக்குறைய முந்நூறு பேரில் ஒருத்தி!

ஆகவே "சந்தேகம்" என்ற சொல்லுக்கு "நோய் வந்துவிட்டது" என்று அர்த்தமில்லை. "இன்னும் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும்" என்பதே அதன் அர்த்தம். அதே சமயம், "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போ" என்றும் அர்த்தமில்லை. அந்த 1,874 பேரும் மேல் சோதனைக்குப் போனதால்தான் விஷயம் தெரிந்தது.

எதில் 35 சதவிகிதம்?

இந்தச் சோதனையின் முடிவு 2007-ல் வெளிவந்தது. சோதனை நடந்த ஊர்களில் இந்நோயால் ஏற்படும் மரணம் 35 சதவிகிதம் குறைந்தது என்று அறிவித்தார்கள். சந்தோஷமான செய்திதான். ஆனால் உங்களை ஒன்று கேட்கிறேன்: இதைக் கேட்டதும், நூறு பெண்கள் சோதித்துக் கொண்டால் முப்பத்தைந்து பேர் பிழைப்பார்கள் என்றுதானே நினைத்தீர்கள்?

அது அப்படியல்ல. சோதனை நடக்காத ஊர்களில், ஒரு லட்சம் பெண்களில் வருஷத்துக்குச் சுமார் ஐம்பது பேர் இந்நோயால் இறந்தார்கள். அந்த ஐம்பதில்தான் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. லட்சத்தில் பதினேழு பேர் என்றால் அற்பமாகத் தோன்றும். பதினேழு குடும்பங்களில் தாய் இருக்கிறாள் என்று நினைத்துப் பாருங்கள். அப்போது அற்பமாகத் தோன்றாது. கணக்கு ஒன்றுதான், சொல்லும் விதத்தில் மலையாகவும் தெரியும், கடுகாகவும் தெரியும்.

இந்த மயக்கத்தால் விபரீதமும் நேர்ந்திருக்கிறது. 1995-ல் பிரிட்டனில் சில புது வகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தக் குழாயில் கட்டி உண்டாகும் அபாயம் இரு மடங்கு என்று எச்சரித்தார்கள். பெண்கள் பயந்து போய் மாத்திரையை நிறுத்தினார்கள். இரு மடங்கு என்பது என்ன? 7,000 பேரில் ஒருத்திக்கு இருந்தது, இருவருக்கு என்று ஆயிற்று. அவ்வளவே! ஆனால் வேண்டாத கர்ப்பங்கள் பெருகின. மறு வருஷம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடின. "இரு மடங்கு" என்று சொன்னவர்கள் "ஏழாயிரத்தில் இன்னும் ஒருத்தி" என்று சொல்லியிருக்கலாகாதா?

டாக்டருக்குத் தெரியாதா?

"டாக்டருக்குத் தெரியாத கணக்கா?" என்பீர்கள். ஜெர்மனியில் 160 மகளிர் நோய் மருத்துவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். மார்பகப் புற்றுநோய்க்காக எடுக்கும் எக்ஸ்ரே படத்தில் சந்தேகம் என்று வந்த பெண்ணுக்கு, உண்மையிலேயே நோய் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? வேண்டிய விவரம் எல்லாம் சதவிகிதத்தில் கொடுத்திருந்தார்கள். பத்துப் பெண்களில் ஒருத்திக்குத்தான் என்பது சரியான விடை. பெரும்பாலான டாக்டர்கள் பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு என்றார்கள். சரியாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 21 பேர்தான்.

இதைப் படித்துவிட்டு டாக்டர்களைப் பரிகசிக்க வேண்டாம். அதே கணக்கைச் சதவிகிதமாக இல்லாமல், "ஆயிரம் பெண்களில் இத்தனை பேர்" என்று தலையை எண்ணும் முறையில் போடக் கற்றுக் கொடுத்ததும், நூற்றுக்கு 87 பேர் சரியாகச் சொல்லிவிட்டார்கள்! குறை மூளையில் இல்லை, சதவிகிதத்தில்தான் இருந்தது. அரிசியைப் படியால் அளக்கும் நமக்கு, ஆளைத் தலையால் எண்ணினால்தானே புரியும்?

கேட்பது உங்கள் உரிமை

வெளியே நூறு பேர் காத்திருக்க, டாக்டரிடம் போய் இதையெல்லாம் கேட்கலாமா என்று தயங்காதீர்கள். டில்லியில் ஒரு பெண், வயிற்றுக்குள் கருவி செலுத்திப் பார்ப்பதற்கு மட்டும் சம்மதித்திருந்தாள். அவள் மயக்கத்தில் இருக்கும்போது, தாயாரின் சம்மதத்தின் பேரில் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. சிகிச்சை என்ன, அதனால் என்ன பலன், வேறு வழி உண்டா, முக்கியமான அபாயங்கள் எவை, சிகிச்சை வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்பவற்றை நோயாளிக்குச் சொல்லித்தான் சம்மதம் பெற வேண்டும் என்று 2008-ல் தீர்ப்பாயிற்று. எங்கோ அபூர்வமாக நேரக்கூடியதை எல்லாம் சொல்லிப் பயமுறுத்த வேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

ஆகவே அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நாலு கேள்விகளை முடிந்து கொண்டு போங்கள். என்னைப் போன்ற நூறு பேரில் எத்தனை பேருக்கு இது நேரும்? சிகிச்சை செய்து கொண்டால் எத்தனை பேருக்கு? செய்து கொள்ளாவிட்டால் எத்தனை பேருக்கு? எத்தனை நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும்? டாக்டர் சொல்லும் பதிலை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். வீட்டுக்கு வருவதற்குள் பயம் எண்களை மாற்றிவிடும், காகிதம் மாற்றாது.

படியில் உட்கார்ந்தபடியே திண்டுக்கல் கணக்கை அந்த அம்மாளிடம் சொன்னேன். நூறு பேர், பத்துப் பேர், ஆறு பேர், பிறகு முந்நூறில் ஒருத்தி என்று விரல் விட்டு எண்ணினேன். அவளும் தன் விரலை மடக்கி எண்ணினாள்.

"அப்ப எனக்கு இல்லைங்கிறீகளா?"

"இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? பார்த்தால்தானே தெரியும்? பார்ப்பதற்கு மதுரைக்குப் போக வேண்டும்."

சிறிது நேரம் மலை உச்சியையே பார்த்துக் கொண்டிருந்தாள். பிறகு எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக் கொண்டாள்.

"வேண்டுதலை முடிச்சிருவோம். திங்கக்கிழமை காலையில மதுரை பஸ் எத்தனை மணிக்குன்னு உங்க அண்ணன்கிட்டக் கேளு" என்று நாத்தியிடம் சொல்லிவிட்டு, மீதிப் படிகளை ஏறத் தொடங்கினாள்.