தொடர்புக் கருவிகளும் தனிமையுணர்வும்

ஒருவர் விரும்பும் உறவுக்கும் அவருக்குக் கிடைக்கும் உறவுக்கும் இடையே உள்ள குறையால் தோன்றும் வருத்தமே தனிமையுணர்வு ஆகும். தனியாக இருப்பதும் இதுவும் ஒன்றல்ல. கொல்லைக் காவலுக்குப் பரணில் இரவெல்லாம் தனியே இருப்பவருக்கு இது தோன்றாமல் இருக்கலாம். ஆறு பேர் உள்ள வீட்டில் ஒரு பாட்டி இதை நாள் முழுதும் உணரலாம். பேச்சு வழக்கில் இரண்டையும் 'தனிமை' என்றே சொல்லிவிடுவதால் குழப்பம் நேர்கிறது.

பிரித்தானியா 2018-இல் இதற்கென ஓர் அமைச்சரை நியமித்தது. ஜப்பான் 2021-இல் அவ்வாறே செய்தது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையுணர்வால் பாதிக்கப்படுவதாக உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025-இல் அறிவித்தது. இது முதியோரின் துன்பம் மட்டும் என்பது தவறான எண்ணம். பதின்வயதினரிடமும் மிகுதியாகக் காணப்படுகிறது.

இதற்குக் கைப்பேசியைக் குற்றம் சொல்வது எளிது. ஆனால் மாற்றம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டின் அனுபவம் இதைத் தெளிவாகக் காட்டும்.

பொதுவில் இருந்த கருவிகள்

சென்னை வானொலி நிலையம் 1938-இல் தொடங்கியது. பின்னர் பல ஊர்களில் ஊராட்சி வானொலி வந்தது. மாலையில் ஒலிபெருக்கியில் செய்தி கேட்கக் கூடியவர்கள், செய்தி முடிந்ததும் எழுந்து போய்விடவில்லை. மழை, நெல் விலை, பெண் பார்த்த விவரம் என்று பேச்சு நீண்டது. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்கத் தெருவே ஒரு வீட்டில் கூடிய காலம் அது.

தொலைபேசியும் அப்படித்தான். சொந்த இணைப்பு இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு எண்ணையே 'பி.பி.' என்று குறித்துக் கொடுத்தார்கள். அழைப்பு வந்தால் அந்த வீட்டுப் பிள்ளை ஓடிவந்து கூப்பிடும். நல்ல செய்தியோ துக்கச் செய்தியோ, கேட்டுவிட்டுத் திரும்பும்போது முகத்தைப் பார்க்க அங்கே ஒருவர் இருந்தார். இன்று அந்த ஏற்பாட்டில் அந்தரங்கம் ஏது என்று கேட்பார்கள். கேட்பது நியாயமே.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று எழுதுவதும் பொருந்தாது. எல்லார் திண்ணையிலும் எல்லாரும் உட்கார முடிந்ததில்லை. சாதி வாசலிலேயே தடுத்தது. சன்னலுக்கு வெளியே நின்று படம் பார்த்த குழந்தைகள் உண்டு. காசு வாங்கிக்கொண்டு உள்ளே விட்ட வீடுகளும் உண்டு. ஆகவே 2006-இல் தமிழ்நாடு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்கியபோது, அக்குழந்தைகளின் வீடுகளுக்கு வந்தது ஒரு பெட்டி மட்டுமன்று, மானமும்கூட. அதே சமயம், ஒரு வீட்டார் இன்னொரு வீட்டுக்குப் போகக் காரணமாக இருந்த ஒன்றும் மறைந்தது.

தேவை குறைந்தபோது

ஊருக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, இப்போது ஆளுக்கு ஒன்று. ஒவ்வொரு படியிலும் வசதி கூடியது. அடுத்தவரை நாட வேண்டிய தேவை குறைந்தது. 2016-க்குப் பிறகு இணையக் கட்டணம் வெகுவாகக் குறையவே, துபாயில் இருக்கும் மகன் தாயின் முகத்தை நாள்தோறும் பார்க்கிறான். கடிதத்துக்காகவும் எஸ்.டி.டி. பூத் வரிசையிலும் காத்திருந்த தலைமுறைக்கு இது பெரிய வரம். தூரத்து உறவு இவ்வாறு நெருங்கியிருக்க, பக்கத்து வீட்டுடன்தான் பழக்கம் விட்டுப்போகிறது.

பால்காரர், தபால்காரர், மளிகைக் கடைக்காரர் ஆகியோருடன் இருக்கும் மேலோட்டமான பழக்கத்துக்கும் மதிப்பு உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் இவற்றை வலுக்குறைந்த பிணைப்புகள் என்று பெயரிட்டு, புதிய செய்திகள் இவற்றின் வழியே பரவுவதை விளக்கினார். இத்தகைய சிறு பேச்சுகள் மிகுந்த நாள்களில் மக்கள் கூடுதல் மகிழ்ச்சியோடு இருப்பதைப் பின்வந்த உளவியல் ஆய்வு காட்டியது. பொருள் வீட்டுக்கே வந்து, பணமும் கைப்பேசியிலேயே செலுத்தப்படும்போது முதலில் குறைவது இந்தப் பேச்சுதான். அலுவலகத்தில் நாலு பேரைப் பார்ப்பவருக்கு இழப்பு பெரிதாகத் தெரியாது. வீட்டிலேயே இருக்கும் முதியவருக்கு அன்றைய நாளின் ஒரே உரையாடல் அதுவாக இருந்திருக்கலாம்.

தேவையே மனிதரை வெளியே அழைத்து வரும் இடங்கள் இன்னும் உள்ளன. ரேஷன் கடை வரிசை அவற்றுள் ஒன்று. 2021-இல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபின், காசுக்காக யோசித்த பெண்கள் சந்தைக்கும் வேலைக்கும் மட்டுமன்றி, பக்கத்து ஊரில் இருக்கும் அக்காள் தங்கையைப் பார்க்கவும் போய்வருகிறார்கள்.