மூன்று முறை தவறினால்...

அவசரத்தில் பெட்டியின் பூட்டில் தவறான சாவியை நுழைத்து விடுவது நம் அனைவருக்கும் நேர்வதுண்டு. திருடனும் அப்படித்தான் சாவிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறான். இருவரில் யார் எவர் என்று பூட்டுக்குத் தெரியாது. பலர் பயன்படுத்தும் கணிப்பொறிக்கும் இதே சங்கடம் உண்டு. அதை அது எவ்வாறு தீர்த்துக் கொள்கிறது என்று காண்போம்.

1961-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கார்பட்டோவும் அவருடைய குழுவினரும், ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டினர். ஒருவர் சேமித்து வைத்ததை மற்றவர் பார்த்து விடாதிருக்க, அம்முறையில் ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் தரப்பட்டது.

ஆனால் சொல்லை ஊகிக்கலாம் அல்லவா? நான்கு இலக்க எண் ஒன்றைக் கடவுச்சொல்லாக வைத்திருப்பதாகக் கொள்வோம். மொத்தம் 10,000 எண்களே உண்டு. விநாடிக்கு ஒன்றாக முயன்றால் மூன்று மணி நேரத்திற்குள் கதவு திறந்துவிடும். 10 நிமிடத்திற்கு 3 முறைதான் முயலலாம் என்று தடுத்தால், எல்லா எண்களையும் பார்த்து முடிக்க ஏறக்குறைய 23 நாட்கள் ஆகும்! அதற்குள் காவலர் விழித்துக் கொள்வார்.

இதற்காகவே கணிப்பொறி ஒரு குறிப்பேடு வைத்துள்ளது. தவறிய ஒவ்வொரு முயற்சிக்கும் பெயர், நேரம், வந்த இடம் ஆகியவற்றை அதில் எழுதுகிறது. தட்டிய கடவுச்சொல்லை மட்டும் எழுதக் கூடாது. ஓர் எழுத்து பிசகிய சொல்லைக் கண்டால் சரியான சொல்லை எவரும் அறிந்து கொள்வர் அன்றோ? ‘பெயர் தவறு’ என்றோ ‘சொல் தவறு’ என்றோ பிரித்துச் சொல்வதும் திருடனுக்குத் துணை போவதாகும். ஆகவே, ‘நுழைய இயலவில்லை’ என்று பொதுவாகவே கூற வேண்டும்.

எத்தனை தவறுகளைப் பொறுப்பது? லினக்ஸ் இயக்க முறையில் ‘ஃபெயில்லாக்’ என்னும் பகுதி இக்கணக்கைப் பார்க்கிறது. மாற்றி அமைக்காவிடில், 15 நிமிடத்திற்குள் 3 முறை தவறுபவருக்கு 10 நிமிடம் கதவடைப்பு. நிரந்தரமாகவே அடைத்தால் என்ன என்று கேட்பீர்கள். அதில்தான் ஆபத்து! உங்கள் மேல் கோபம் கொண்ட ஒருத்தி, உங்கள் பெயரில் வேண்டுமென்றே மூன்று முறை தவறாகத் தட்டினால் போதும். குற்றமற்ற நீங்கள் வெளியே நிற்பீர்கள். பொறுப்பாளரையே இப்படி வெளியே நிறுத்தி விடலாம் என்பதால், தனியே கட்டளையிட்டாலன்றி அவருடைய கணக்கை அது பூட்டுவதில்லை.

தந்திரக்காரன் ஒரே பெயரில் பலமுறை முயலாமல், பல பெயர்களில் ஒவ்வொரு முறை முயல்வதும் உண்டு. எனவே பெயர்வாரியாக மட்டுமின்றி, முயற்சி வரும் இடம்வாரியாகவும் எண்ணுதல் நலம்.

நம் பங்கும் இதில் உண்டு. 1979-இல் ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் என்னும் இருவர் 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்தனர். 15 பேர் ஒரே ஓர் எழுத்தையே வைத்திருந்தனர்! பெயரையோ பிறந்த நாளையோ வைத்தால், மூன்று முயற்சியே திருடனுக்குப் போதும்.

எத்தனை முறை மன்னிப்பது என்று இராயப்பர் கேட்டபோது, கணக்குப் பாராமல் மன்னிக்கவே ஆண்டவர் கற்பித்தார். இயந்திரத்திற்கு அது இயலாது; எண்ணியே ஆக வேண்டும். எனினும் உரியவர் சரியான சொல்லோடு வந்ததும், பழைய தவறுகளின் எண்ணிக்கையை அது அழித்து விடுகிறது. அந்த அளவுக்காவது நாமும் தோழியரின் தவறுகளை மறக்கலாமே!